கசப்பை இல்லத்துக்குள் விடலாமா?



“யார் வந்தால் என்ன? எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாமே!” தேநீர்க் கடையில் கேட்டுப் பழகிய இச்சொல், இன்று நம் இல்லங்களிலும் உணவு வேளையில் ஒலிக்கின்றது. இதில் நியாயமே இல்லை என்று கூறிவிட இயலாது. 2017-ஆம் ஆண்டில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், 2019-ஆம் ஆண்டில் வேலூர் மக்களவைத் தேர்தலும், வாக்குக்குப் பணம் என்னும் புகாரின் காரணமாக நிறுத்தப்பட்டதை நாம் கண்டோம். கண்ட உள்ளம் கசக்காமல் என்ன செய்யும்?

ஆனால், அக்கசப்பு எங்கே சென்று தங்குகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அரசியல்வாதியை ஐயுறத் தொடங்கியவர், நாளடைவில் பள்ளிவாசல் கணக்கைப் பார்க்கும் பெரியவரையும் ஐயுறுகிறார். மழை வெள்ளத்தின்போது அரிசி சுமந்து வந்த இளைஞரையும், “இதில் உனக்கென்ன ஆதாயம்?” என்று கேட்கிறார். அருகிலிருந்து கேட்கும் பிள்ளை, நேர்மை என்பது ஏமாளிகளின் குணம் என்று பாடம் கற்றுக்கொள்கிறது. ஊழல் செய்தவர் நம் வாக்கை மட்டுமா பறித்தார்? நம் பிள்ளையின் நம்பிக்கையையும் அல்லவா நாமே எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டோம்!

திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலுள்ள ரமணாசிரமப் பகுதியை, உலகை வெறுத்தோர் ஒதுங்கும் இடம் என்றே பலர் கருதுவர். ஆயினும், அரசியலில் உழன்றவர்களும் அங்கே அமைதி நாடி வந்ததுண்டு. 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இராஜேந்திர பிரசாத்தும் ஜம்னாலால் பஜாஜும் அங்கு வந்து தங்கினர். தங்கியவர்கள் அங்கேயே ஒதுங்கிவிடவில்லை. மீண்டும் பொதுப்பணிக்கே திரும்பினர். பிரசாத் அவர்கள் 1950-ல் குடியரசின் முதல் தலைவரானார்.

ரமணரிடம் பற்றுக் கொண்டிருந்த மற்றொருவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் அவர் காலத்தில் பிறந்தது. சொந்தக் கட்சியினரின் ஆதரவு குன்றியபோது பதவியை விட்டு விலகினார். விலகியவர் உலகைப் பழித்துக்கொண்டு காலம் கழிக்கவில்லை. வடலூருக்குச் சென்று கல்விப் பணியில் ஈடுபட்டார். பதவி போயிற்று, பணி போகவில்லை!

அவர் முதல்வராக வீற்றிருந்த அதே சட்டமன்றத்தில், எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்திருந்தவர் கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள். பிரிவினைக்குப் பின், நம் சமுதாயம் ஐயப் பார்வைகளுக்கு நடுவே நின்ற நாட்கள் அவை. மனம் கசந்துபோக அவரைவிட அதிகக் காரணம் யாருக்கு இருந்தது? ஆயினும், அவர் நாவில் கசப்பு ஏறவில்லை. மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 என மும்முறை அவரை மக்களவைக்கு அனுப்பினர். 1972-ல் அவர் மறைந்தபோது, மாற்றுக் கட்சியினரும் மாற்றுச் சமயத்தவரும் கண்ணீர் வடித்தனர்.

தவறு செய்தவரைத் தட்டிக் கேட்பது வேறு. எல்லாரும் தவறு செய்பவரே என்று முடிவு கட்டுவது வேறு. முன்னது கடமை. பின்னதோ, ஆதாரமற்ற ஐயங்களைத் தவிர்க்குமாறு திருமறையின் 49-ஆம் அத்தியாயம் எச்சரிக்கும் குற்றம். எல்லாரும் ஒன்றே என்று நாம் கூறும்போது, திருடருக்கு மறைவிடம் கிடைக்கிறது. நல்லவருக்கோ துணை இல்லாமற் போகிறது.

ஆகவே, இன்று இரவு உணவின்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் கைம்மாறு கருதாமல் உழைக்கும் ஒருவரின் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் துணிவும், நல்லதை நம்பும் உள்ளமும் நம் இல்லங்களில் ஒருசேர வளர வல்ல இறைவன் அருள்புரிவானாக!