மகளின் 2.2



மேற்படிப்புக்காக ஜெர்மனிக்கு விண்ணப்பித்த மகளின் தரம் 2.2 எனக் கணக்கிடப்பட்டதைக் கண்டு, "பத்துக்கு எட்டு வாங்கியவள் இரண்டுக்கு இறங்கிவிட்டாளே" என்று கலங்கிய தந்தை ஒருவரை அண்மையில் சந்தித்தேன். விண்ணப்பத்தையே கைவிடும் எண்ணத்தில் இருந்தார். அவரது கலக்கம் வீண். அந்நாட்டில் 1 என்பதே உச்சம். 4 தேர்ச்சியின் கடைசிப் படி. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல கையாளும் பவேரிய வாய்பாடு இதுதான்: உச்சப் புள்ளியிலிருந்து மாணவி பெற்றதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுக. உச்சம் 10, தேர்ச்சி 5, பெற்றது 8 எனில் விடை 2.2. நல்ல தரமே!

அமெரிக்காவில் வழக்கமான உச்சம் 4. ஆகவே நம்மவர் 8-ஐ 0.4-ஆல் பெருக்கி 3.2 என்று தாமே நிரப்பிவிடுகின்றனர். இது தவறான துணிச்சல். படிவம் வேறு கேட்டாலன்றி, பத்துக்கு எட்டு என உள்ளபடியே எழுதுக. மாற்றுவது அவர்கள் வேலை.

இன்னொன்று. சராசரி என்பது புள்ளிகளை வெறுமனே கூட்டி வகுப்பதன்று. நான்கு கிரெடிட் பாடத்தில் 6, ஒரு கிரெடிட் செய்முறையில் 10 பெற்றால், சராசரி 8 அன்று, 6.8 மட்டுமே. எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதை முதற்பருவத்திலேயே பிள்ளைகள் கேட்டறியட்டும். இறுதியாண்டில் அறிந்து வருந்துவோரே மிகுதி.