பாட்டிலைத் தொட்டிக்குள் போடாதீங்க, பக்கத்துல வைங்க!

ஜெர்மனிக்குப் போய் வந்தவர்கள் 'அங்க ரோடெல்லாம் பளபளன்னு இருக்கும்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெர்லினில் ஒரு வாரம் சுற்றியதில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிகரெட் துண்டு, பீட்சா அட்டை, சுவரெல்லாம் கிறுக்கல்... எல்லாம் உண்டு. ஆனால், காலி தண்ணீர் பாட்டில் மட்டும் கண்ணில் படுவதே அபூர்வம்.

காரணம், 25 சென்ட். நம் காசில் 20 ரூபாய்க்கும் மேல். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலிலோ கேனிலோ தண்ணீர், ஜூஸ் எது வாங்கினாலும் விலையோடு இந்த 25 சென்ட்டையும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். இதற்கு 'ப்ஃபான்ட்' என்று பெயர். 2003-ல் சட்டமாக வந்தது.

சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே அதற்கான மெஷின் இருக்கிறது. பாட்டிலை உள்ளே விட்டால் சுழற்றிப் பார்த்து, லேபிளைப் படித்து, ரசீது தரும். அதை பில் கவுன்ட்டரில் நீட்டினால் காசு. பாட்டிலை நசுக்கிவிட்டால் மெஷின் படிக்க முடியாமல் துப்பிவிடும். அதனால் சின்னப் பிள்ளைகள்கூட அலுங்காமல் எடுத்து வருகிறார்கள். சனிக்கிழமை அந்த மெஷின் முன்னால் நிற்கும் வரிசை, நம்ம ஊர் ரேஷன் கடை வரிசைக்குக் குறைந்ததில்லை. ஞாயிறு கடை லீவாச்சே!

இது நமக்குப் புதுசும் இல்லை. பெட்டிக்கடையில் கோலி சோடா பாட்டிலுக்கு அட்வான்ஸ் கட்டிய கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கியதும் இதே கணக்குதான். ஒழுக்கத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதைவிட, பாக்கெட்டைத் தொட்டால் வேலை நடக்கிறது.

ஆனால், இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூங்காவில் குடித்து முடித்த பாட்டிலை நான் தொட்டியில் போடப் போனபோது, அங்கே படிக்கும் நம்ம ஊர் அக்கா தடுத்தார். "உள்ள போடாத, பக்கத்துல வை. எடுக்க வர்றவங்க குப்பைக்குள்ள கைவிட வேணாம்ல?" பெர்லினில் பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். வீடில்லாதவர்கள், பென்ஷன் போதாத முதியவர்கள் அவற்றைப் பொறுக்கிக் காசாக்குகிறார்கள். பணக்கார நாட்டில் இப்படியா என்று கேட்டேன். "வாடகை அப்படி" என்றார் அக்கா.

கொஞ்ச நேரத்தில் ஒரு பாட்டி டிராலி பையுடன் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சுத்தமான கோட், தலையில் தொப்பி. பிளாஸ்டிக் பாட்டில் நாலு சேர்ந்தால் 1 யூரோ. கண்ணாடி பீர் பாட்டிலுக்கோ 8 சென்ட்தான், கனமும் அதிகம். பாட்டி முதலில் பிளாஸ்டிக்கையும் கேன்களையும் எடுத்தார். பிறகு பீர் பாட்டில்களைக் கையில் தூக்கிப் பார்த்து, இரண்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தொட்டிக்கு நடந்தார்.