காருக்கு பெர்த் கேட்பவர்களுக்கு



பொங்கல் நெருங்கினால் நம் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. கொங்கண் ரயில்வே 2025 ஆகஸ்டில், விநாயகர் சதுர்த்தியை ஒட்டித் தொடங்கிய கார் ரயில். மகாராஷ்டிரத்தின் கோலாடில் மாலை 5 மணிக்குக் காரோடு கிளம்பினால், மறுநாள் காலை 5 மணிக்கு கோவாவின் வெர்ணாவில் இறங்க முடிந்தது. கார் வேகனில் வந்தது, கார்க்காரர்கள் அதே ரயிலில் ஒரு பெட்டியில் வந்தார்கள். "செங்கல்பட்டிலிருந்து திருநெல்வேலிக்கும் இப்படி ஒன்று விடச் சொல்லி எழுதுங்க டீச்சர்" என்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால், வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இது முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. கொங்கண் ரயில்வே 1999 முதல் லாரிகளையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போகிறது. நம் பக்கத்து வாலாஜாபாத்தில் புதுக் கார்கள் சரக்கு ரயிலில் ஏறுகின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் அருகிலிருந்து புளோரிடாவுக்கு சுமார் 1,370 கி.மீ. தூரம் கார்களோடு தினமும் ஒரு ரயில் ஓடுகிறது. முடியும். யாருக்காக என்பதுதான் கேள்வி.

என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தானே, ஒரு கணக்குப் போடுங்கள். கோவா ரயிலில் 20 வேகன், வேகனுக்கு 2 கார், மொத்தம் 40. காருக்கு 3 பேருக்கு மேல் அனுமதி இருக்கவில்லை. ஆக, ரயில் நிறைந்தாலும் 120 பேர். அதே தண்டவாளத்தில் 20 ஸ்லீப்பர் பெட்டி கொண்ட ரயில் போனால், பெட்டிக்கு 80 படுக்கை வீதம் 1,600 பேர். 13 மடங்கு!

"கூடுதலாகத்தானே டீச்சர் ஒரு ரயில் கேட்கிறோம்" என்பீர்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மூன்று பாதை. செங்கல்பட்டைத் தாண்டினால் இரண்டே பாதை. பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் பாண்டியன், பொதிகை, நெல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக அதில்தான் போக வேண்டும். அந்த நெரிசலில் இன்னொரு ரயிலுக்கு இடம் கிடைத்தால், அதை 120 பேருக்குக் கொடுப்பதா, 1,600 பேருக்குக் கொடுப்பதா?

செலவையும் பாருங்கள். 2025-இல் கோவா ரயிலில் காருக்கு 7,875 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் வகுப்பு ஏசியில் இருவருக்குத் தலா 935, உட்காரும் வகுப்பில் ஒருவருக்கு 190. ஒரு வழிக்கு 9,935, போய்வர 19,870 ரூபாய். அதுவும் சுமார் 400 கி.மீ. தூரத்துக்கு. செங்கல்பட்டிலிருந்து திருநெல்வேலி கிட்டத்தட்ட 600 கி.மீ. மூன்று பேர் ஸ்லீப்பரில் போய்விட்டு, ஊரில் வாடகை வண்டி வைத்துக்கொண்டாலும் கையில் மிச்சம் இருக்கும்.

உங்கள் கஷ்டம் புரியாமல் பேசவில்லை. இரவெல்லாம் ஸ்டியரிங் பிடித்து, பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்து, விடியற்காலை கண் சொக்கும்போது பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. கார் ரயில் வந்தால் 40 பேர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். நல்லதுதான். ஆனால் அன்றிரவு ஜி.எஸ்.டி. சாலையில் போகிற மற்ற ஆயிரக்கணக்கான கார்கள்? ரயிலில் படுக்கை கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் காரை எடுத்திருப்பார்கள்? நீங்களே எனக்குச் சொன்ன காரணம் என்ன? "60 நாளைக்கு முன்னால் காலை 8 மணிக்கு உட்கார்ந்தோம் டீச்சர், கண் மூடித் திறப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்." நோய் அது. கார் ரயில் அதற்கு மருந்தாகாது.

இரண்டாவது காரணம், இறங்கின பிறகு வண்டி இல்லை என்பது. இது திருநெல்வேலி கிராமங்களுக்கு மட்டுமான குறை இல்லை. தெற்கிலிருந்து வரும் ரயிலில் விடியற்காலை செங்கல்பட்டில் இறங்கி, மாமல்லபுரத்துக்கோ கல்பாக்கத்துக்கோ போக வேண்டியவரைக் கேளுங்கள். சுமார் 30 கி.மீ. தான். கைக்குழந்தையும் மூட்டையுமாக ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி நிற்க வேண்டியிருக்கிறது. மாமல்லபுரம் வழியாகக் கடலூர் வரை கடற்கரை ரயில் பாதை என்று எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! மனுஷன் போக ஒரு தண்டவாளம் போடாத கரையில் இருந்துகொண்டு, காருக்கு ரயில் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே, மனு எழுதுவதானால் இப்படி எழுதுங்கள். தாம்பரம்–நாகர்கோவில் அந்தியோதயா போல முழுக்க முன்பதிவில்லாத இரவு ரயில்கள் பண்டிகைக்கு இன்னும் நாலு வேண்டும். சிறப்பு ரயில்களைக் கடைசி வாரத்தில் சொல்லாமல், முன்பதிவு தொடங்கும் நாளிலேயே அறிவிக்க வேண்டும். விடியற்காலை ரயில்களுக்குச் செங்கல்பட்டில் இணைப்புப் பேருந்து நிற்க வேண்டும், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு ஒன்று, திருப்போரூருக்கு ஒன்று. கடற்கரைப் பாதைக்குப் பணம் ஒதுக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும் அனுப்புங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

இதெல்லாம் நடந்த பிறகும் தண்டவாளத்தில் இடம் மிச்சம் இருந்தால், காரையும் தாராளமாக ஏற்றுங்கள். அதுவரை, முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருகிறவர்தான் வரிசையில் முதல் ஆள். வரிசையில் நிற்பது எப்படி என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.