கண்டியில் அரண்மனை... வேலூரில் அரசர்!

களம்பூரில் பட்டுத்தறி நெய்யும் அப்பாவுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். வேலைக்குப் போகத் தொடங்கிய மகள் இலங்கைக்கு அழைத்துப் போனார். நான்கு நாள் சுற்றுலாவில் ஒரு நாள் கண்டிக்கு.

ஏரிக்கரை, எண்கோண மண்டபம், புத்தரின் புனிதப் பல் உள்ள தலதா மாளிகை என எல்லாமே ஒரே அரண்மனை வளாகத்தில்தான். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். செருப்பை வெளியே விட வேண்டும். அப்பாவின் கண் நின்ற இடம், செதுக்கிய மரத்தூண்கள் கொண்ட அரசவை மண்டபம். 1815 மார்ச் 2-ம் தேதி, கண்டி ராஜ்ஜியம் ஆங்கிலேயர் கைக்குப் போகும் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது இங்கேதான்.

“அப்போ ராஜா எங்கம்மா போனாரு?”

மகள் போனில் தேடினார். “நம்ம வேலூருக்குதாம்ப்பா!”

கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1798-ல், 18 வயதில் அரியணை ஏறினார். இன்று எல்லோரும் செல்ஃபி எடுக்கும் ஏரியும் எண்கோண மண்டபமும் அவர் காலத்தில் வந்தவை. கொடுமைக்காரர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. பிரதானிகள் பகையாக, ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, 1816-ல் குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினர். 16 ஆண்டுகள் சிறைவாசம். 1832-ல் இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம்தான் அவரது நினைவிடம்.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடு ஸ்டேஷனில் இருவரும் ரயில் ஏறினார்கள். அதே பாதையில்தான் வேலூர் கன்டோன்மென்ட். முதலில் கோட்டையில் கண்டி மஹால். பிறகு முத்து மண்டபம்.

“எத்தனையோ தடவை வேலூருக்கு வந்திருக்கேன். ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு... இங்க ஒரு தடவைகூட வந்ததில்லயே” என்றார் அப்பா.

கண்டிக்கு டிக்கெட் போடுபவர்கள் ஒருநாள் வேலூரையும் பார்த்துவிடுங்கள். அரண்மனையின் மீதிக் கதை இங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலேயர் எடுத்துப்போன கண்டிச் சிம்மாசனம், இங்கிலாந்தின் வின்ட்சர் அரண்மனையில் இருந்துவிட்டு 1934-ல் இலங்கைக்குத் திரும்பியது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அமர்ந்தவர் மட்டும் ஊர் திரும்பவே இல்லை.