ஏழாம் மாத விருந்தும் முதல் மாதப் பட்டினியும்

பெங்களூர்த் தமிழர் குடும்பங்களில் வளைகாப்பு என்றால் அது ஒரு சிறு திருவிழா. அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும் சரி, ஒற்றை அறை வீட்டின் முன்னே பந்தல் போட்டு, தர்மபுரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் உறவினர்கள் பஸ் ஏறி வந்து, புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகைச் சோறு கர்ப்பிணிப் பெண்ணின் இலையில் வைக்கப்படுகிறது. அன்று ஒரு நாள் அவள் முதல் பந்தியில் சாப்பிடுகிறாள். மறுநாள் முதல் பழையபடி கணவனும் மாமனாரும் பிள்ளைகளும் உண்டு எழுந்த பிறகு, சட்டியில் மிஞ்சியதுதான் அவளுக்கு.

சடங்கைக் குறை கூறுவதற்கில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட வேண்டும் என்று நினைத்த முன்னோர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஏழாம் மாதத்தில் பொங்கி வழியும் இந்த அக்கறை முதல் மாதத்தில், அதற்கும் முந்திய மாதங்களில் எங்கே போயிற்று என்பதே கேள்வி.

ஏனெனில் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொண்டு விடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் அந்தக் காரியம் முடிந்து விடுகிறது. பெண் தனக்குள் சந்தேகப்பட்டு, மாமியாரிடம் சொல்லி, லீவு கிடைத்த ஒரு நாளில் கணவன் அவளை டாக்டரிடம் அழைத்துப் போகும்போது, பெரும்பாலும் இரண்டாம் மாதம் கடந்திருக்கும். அந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு போன்ற குறையுடன் பிள்ளை பிறக்கிறது. இதைப் பெருமளவு தடுக்கக் கூடியது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். முன்பே இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் ஏழு நாடுகளில் நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு 1991-ல் வெளியாயிற்று. கருத்தரிக்கும் முன்பே இந்த வைட்டமினை உட்கொண்டவர்களுக்கு மறுபடியும் அதே குறை நேரும் அபாயம் 72 சதவீதம் குறைந்திருந்தது. முன்பே என்ற சொல்தான் இங்கே முக்கியம். மூன்றாம் மாதத்தில் தொடங்கினால் இந்த ஒரு விஷயத்தில் பயனில்லை.

கோஷா ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி

இந்த வைட்டமினின் கதை எங்கோ மேல்நாட்டில் தொடங்கியது என்று எண்ண வேண்டாம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கடுமையான ரத்த சோகையால் மடிவதன் காரணத்தைக் கண்டறிவதே அவருக்கு இடப்பட்ட வேலை. அடுத்த ஆண்டு அவரது ஆராய்ச்சி நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு மாறியது. 1931 தொடக்கத்தில் அவர் பணியாற்றியது சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியில். (சிவாஜிநகர் கோஷா ஆஸ்பத்திரி வேறு.) இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது.

ஏழைப் பெண்கள் உண்ட அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. பிறகு மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாற்றை நோயாளிப் பெண்களுக்கே கொடுத்தார். சாகக் கிடந்தவர்கள் தேறினார்கள். நோய்க்குக் காரணம் கிருமியல்ல, தட்டில் இல்லாத ஏதோ ஒன்று என்பது நிரூபணமாயிற்று. அந்த ஏதோ ஒன்றைத்தான் 1941-ல் பசலைக்கீரை வகையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945-ல் அமெரிக்காவில் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இவ்வளவும் நடந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் நிலைமை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. அதாவது பாதிக்கு மேல். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்தின்போது கொஞ்சம் அதிகமாக ரத்தப் போக்கு ஏற்பட்டாலும் அத்தகைய பெண்ணால் தாங்க முடியாது.

மாத்திரை இல்லாமலா? தாராளமாக இருக்கிறது. அரசின் விதிப்படி முதல் மூன்று மாதங்களுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும்; நான்காம் மாதம் முதல் 180 நாட்களுக்கும், பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாட்களுக்கும் நாளுக்கு ஒரு இரும்புச் சத்து மாத்திரை. எல்லாம் இலவசம். ஆனால் வாங்கிய மாத்திரை வயிற்றுக்குப் போகிறதா என்பது வேறு விஷயம். பரண் மேல் டப்பாவிலும் தலையணைக்கடியிலும் கிடப்பவை எத்தனையோ. காரணம் கேட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்பார்கள். இரும்பு உள்ளே போனால் மலம் கறுப்பது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. குமட்டுகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். காப்பி, டீயுடன் மட்டும் கூடாது. அவை இரும்பு உடலில் சேர விடாமல் தடுக்கும். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ உணவில் சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பயம்! அதே வீட்டில் பிள்ளை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூ வாங்குகிறார்கள். குழந்தையின் நிறம் தாய் தந்தையர் வழி வருவது. அதை மாத்திரையும் மாற்றாது, பூவும் மாற்றாது. ஒரு கிராம் நல்ல குங்குமப்பூவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மாதத்துக்கு நாள்தோறும் ஒரு முட்டை வாங்கிவிடலாம். நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று வாயைக் கட்டும் மாமியார்களும் இருக்கிறார்கள். எடை குறைந்து பிறக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவது எவ்வளவு கஷ்டம் என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கேழ்வரகை மறந்தவர்கள்

வேடிக்கை என்னவென்றால், ஊரில் களியும் கீரையும் தின்று வளர்ந்தவர்கள் பெங்களூர் வந்ததும் அதை விட்டு விடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து மக்களுக்குக் கேழ்வரகு புதிதல்ல. நகரத்துக்கு வந்தபின் மூன்று வேளையும் தீட்டிய வெள்ளை அரிசி, அதற்குத் தண்ணீராய் ஒரு சாம்பார் என்றாகி விடுகிறது. அதுதான் அந்தஸ்து என்ற நினைப்பு. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்தில் ராகி முத்தையும், பருப்பும் கீரையும் சேர்த்துக் கடைந்த மசொப்பும் இன்றும் தட்டில் இருக்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்கு கூட இல்லை. ஃபோலிக் அமிலம் கீரையிலும் பயறு வகைகளிலும் உண்டு. ஆனால் கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அந்தச் சத்தும் நீரோடு போய்விடும். புலால் உண்ணாத குடும்பங்கள் வைட்டமின் பி12 பற்றியும் கவலைப்பட வேண்டும். அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் கிடைக்கும். கோரமங்களாவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் இந்நகரக் கர்ப்பிணிகளிடம் இந்த வைட்டமின் பற்றியே ஆராய்ந்திருக்கிறார்கள்.

உணவு இருந்தாலும் எல்லாக் குறையும் தீர்ந்துவிடாது. குழந்தை வேண்டும் என்று எண்ணும் தம்பதிகள் ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே மனைவிக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுக்கத் தொடங்குவது நல்லது. முன்பு குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் இதைவிடப் பல மடங்கு அளவு தேவைப்படும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இத்தனையும் பெண்ணுக்குத்தானா என்று கணவன்மார்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். ஆணின் விந்தணு முழு உருப்பெற ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கிறது. அந்த நாட்களில் அவன் ஊதித்தள்ளும் பீடியும் சிகரெட்டும் அதைப் பாதிக்கின்றன. ஒற்றை அறை வீட்டில் அவன் விடும் புகை கர்ப்பிணி மனைவியின் மூச்சிலும் கலந்து பிள்ளையின் எடையைக் குறைக்கிறது. மாதச் சம்பளத்தில் பீடிக்கும் மதுவுக்கும் ஒதுக்குகிற பணம் எந்தப் பாலிலிருந்து, எந்த முட்டையிலிருந்து வந்தது என்று கணக்குப் பார்க்கும் குமாஸ்தாக்கள் குறைவு. ஆபீஸ் கணக்கில் காலணாவைக் கூட விடாதவர்கள்தான் அவர்கள்!

இரண்டு மாநிலங்களுக்கு நடுவில்

வெளிமாநிலத்தில் பிழைக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெண் ஆறு மாதம் இங்கே இருக்கிறாள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய் வீட்டுக்குப் போகிறாள். எப்படியும் ஊருக்குப் போகத்தானே போகிறோம் என்று இங்கே அங்கன்வாடியில் பெயர் பதிவதில்லை. தாயி கார்டு வாங்குவதில்லை. ஊரில் போய் நின்றால், ஆரம்ப மாதங்களிலேயே ஏன் பதிவு செய்யவில்லை என்று கிராமச் சுகாதாரச் செவிலியர் கேட்கிறார். தமிழகத்தில் 1987-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், ஆரம்பத்திலேயே பதிவு செய்பவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. இப்படி இங்குமில்லாமல் அங்குமில்லாமல், மாத்திரையும் தவறி, ரத்தப் பரிசோதனையும் தவறி, உதவித் தொகையும் தவறிப்போகும் பெண்களின் பட்டியலை எந்த மாநிலமும் வைத்திருக்கவில்லை.

அங்கன்வாடியில் சேர கர்நாடக ரேஷன் கார்டு வேண்டும் என்பது தவறான எண்ணம். ஆதார் அட்டையுடன் போனால் போதும். கன்னடம் சரியாக வராது என்று கூசுவதும் வேண்டாம். இந்நகரத்து அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஆஷா பணியாளர்களுக்கும் தமிழ் காதில் விழாத நாளில்லை. நம்ம கிளினிக்குகளில் ரத்தம் பார்க்கக் காசு கேட்பதில்லை. முதல் குழந்தைக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் 5,000 ரூபாய் உண்டு. இ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் பெண் தொழிலாளிக்குத் தகுதி நாட்கள் நிறைந்திருந்தால் 26 வாரச் சம்பளம் கிடைக்கிறது. ஊருக்குப் புறப்படும்போது தாயி கார்டையும் மீதி மாத்திரைகளையும் பெட்டியில் முதலில் வைத்துக் கொண்டால், அங்கே உள்ள செவிலியர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

அரசும் செய்ய வேண்டியது இருக்கிறது. கர்நாடக அரசு 2017 அக்டோபர் 2 அன்று தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டம், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியில் நண்பகல் உணவு, முட்டை, பால், கடலை மிட்டாய் தருவதென்று வகுக்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் நண்பகலில் பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணி, அரை மணி நேர உணவு இடைவேளையில் தன் வீட்டருகே உள்ள அங்கன்வாடிக்கு எப்படிப் போய்த் திரும்புவாள்? அவளுடைய டிபன் டப்பாவில் காலையில் அவசரமாக அடைத்த எலுமிச்சைச் சோறு ஆறிக் கிடக்கிறது. அவள் பெயரில் உள்ள முட்டையும் பாலும் ஆலைக்கு வர வேண்டும். அல்லது வேலை விட்டுத் திரும்பும் மாலை நேரத்தில் அங்கன்வாடிக் கதவு திறந்திருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சோடு இதையும் சேர்த்துப் பேசலாம். அல்சூர் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் விழா மேடைகளில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, தாயி கார்டு எங்கே வாங்குவது என்பதைத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டுக் கொடுக்கலாம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அச்சகத்தாரே அதை ஒரு மணி நேரத்தில் முடித்துத் தந்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையோடு வைத்துக் கொடுத்தாலும் தவறில்லை.