சைபரும் காலிக் கட்டமும் ஒண்ணா?

காய்ச்சல்னா தெர்மாமீட்டர் இருக்கு, சுகர்னா ஸ்ட்ரிப் இருக்கு, பிரஷர்னா கையில பட்டையைச் சுத்தி அளக்க மெஷின் இருக்கு. காதுக்குள்ள 'ஙொய்ங்'னு ஓயாம ஒரு சத்தம் கேக்குதே, அதுக்கு? டாக்டருங்க டின்னிட்டஸ்னு சொல்ற காது இரைச்சலை அளக்க அப்படி ஒரு கருவி கிடையாது. எந்த சுருதி, எத்தனை டெசிபல்னு ஆடியோமீட்டர்ல ஒப்பிட்டுப் பாக்கலாம்தான். ஆனா அந்த டெசிபலுக்கும் ஆள் படுற அவஸ்தைக்கும் பெருசா சம்பந்தம் இருக்காது. ஒரே அளவு சத்தத்தோட ஒருத்தர் குறட்டை விட்டுத் தூங்குவார், இன்னொருத்தர் விடிய விடிய முழிச்சுக் கெடப்பார்.

அதனால அவஸ்தையை அளக்கக் கேள்வித்தாளை விட்டா வேற வழியில்ல. உலகம் பூரா அதிகம் புழங்குறது 'டின்னிட்டஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி', சுருக்கமா டி.எச்.ஐ. 1996-ல் அமெரிக்காவில் நியூமன், ஜேக்கப்சன், ஸ்பிட்சர்னு மூணு பேர் உருவாக்கினது. மொத்தம் 25 கேள்வி. ஆமாம்னா 4, சில நேரம்னா 2, இல்லைன்னா 0. கூட்டினா நூத்துக்கு இத்தனைன்னு வந்துடும். 2001-ல் பிரிட்டனில் வகுத்த தரப்படி 18 முதல் 36 வரைக்கும் லேசு, 38 முதல் 56 வரைக்கும் நடுத்தரம், 78-ல் இருந்து ரொம்ப மோசம்.

கவனிச்சீங்களா? 36-க்கும் 38-க்கும் நடுவுல இருக்கறது ஒரே ஒரு 'சில நேரம்' தான்.

இப்ப திண்டிவனத்துல இருக்கற எங்க மாமா கதை. முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். மார்கழிக் குளிர்லயும் தலைமாட்டுல ஃபேன் ஓடணும், ரேடியோ முணுமுணுக்கணும், இல்லைன்னா காது சத்தம் தூங்க விடாது. ஒரு கிளினிக்ல தமிழாக்கின இந்த ஃபாரத்தைக் கொடுத்தாங்க. இரைச்சலால் வாசிப்பது சிரமமாக உள்ளதா? "நான் எங்க மாப்ள படிக்கறேன்?" இல்லை, 0. வெளியில் விருந்துக்கோ சினிமாவுக்கோ சென்று மகிழ்வது பாதிக்கப்படுகிறதா? அவர் போறதே இல்ல. 0. விரக்தி அடைகிறீர்களா? "எனக்கென்னடா விரக்தி, சாமியாராவா போறேன்?" அதுக்கும் 0. மொத்தம் 34. லேசுதான், பழகிடும்னு அனுப்பி வெச்சுட்டாங்க.

பொட்டி தட்டுறவங்களுக்கு இது நல்லாவே புரியும். டேட்டாபேஸ்ல 'நல்' வேற, சைபர் வேற. தகவலே இல்லாத கட்டத்துல 0 போட்டு சராசரி எடுத்தா கோட் ரிவ்யூவுல கிழிச்சுத் தொங்க விடுவாங்க :) 'எனக்குத் தொந்தரவு இல்லை'ங்கறது சைபர். 'நான் அதைச் செய்யறதே இல்லை'ங்கறது நல். ஃபாரத்துல ரெண்டுக்கும் ஒரே 'இல்லை'. அந்த வாசிப்பு, சினிமா கேள்விகளுக்குப் பதிலா கல்யாண வீட்டையும் மயிலம் திருவிழாவையும் பத்திக் கேட்டு, ரெண்டுக்கும் 'ஆமாம்' வந்திருந்தா 34 அப்பவே 42. லேசு இல்ல, நடுத்தரம்.

மொழிபெயர்ப்பு சரியா இருந்தா போதாதாங்கறீங்களா? 'விரக்தி' அகராதிப்படி தப்பே இல்ல. ஆனா விழுப்புரம் பக்கம் அந்த வார்த்தை வாழ்க்கையே வெறுத்தவனைத்தான் குறிக்கும். மாமாகிட்ட கேட்டிருக்க வேண்டியது, "இந்தச் சத்தத்தால சலிச்சுப் போயிடுச்சா?" 2012-ல் வந்த இன்னொரு கேள்வித்தாளான டின்னிட்டஸ் ஃபங்ஷனல் இண்டெக்ஸ், முழிச்சிருக்கற நேரத்துல எத்தனை சதவீதம் இரைச்சலை உணர்றீங்கன்னு கேக்குது. நம்ம ஜனங்க கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசின்னு அழகா சொல்லுவாங்க. சதவீதம்னா வாயை மூடிக்குவாங்க.

மொழிபெயர்த்தவங்க பலரும் 'க்ரோன்பாக் ஆல்ஃபா'ன்னு ஒரு எண்ணைக் காட்டி ஃபாரம் ரெடின்னு சொல்லிடறாங்க. ஆங்கில டி.எச்.ஐ.க்கு அது 0.93. கேள்விங்க ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதான்னு மட்டும்தான் அது சொல்லும். இங்கிலீஷ் 40-ம் தமிழ் 40-ம் ஒரே அவஸ்தைதானான்னு சொல்லாது. காது சம்பந்தமான கேள்வித்தாள்களை மொழிமாற்றறதுக்குன்னே 2018-ல் டெபோரா ஹால் குழு ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. மொழிபெயர்ப்பு, குழுவா உக்காந்து அலசறது, அப்புறம் அந்த மொழி பேசுற ஆளுங்ககிட்டயே கொடுத்துச் சோதிக்கறதுன்னு படிப்படியா சொல்லியிருக்காங்க. நாம வழக்கமா முழுங்கறது அந்தக் கடைசிப் படியைத்தான்.

கேள்வியை மாத்தினா அப்புறம் எப்படி உலகத்தோட ஒப்பிடறதுன்னு ஒரு நியாயமான வாதம் இருக்கு. என் பதில்: கேள்வி ஒண்ணா இருக்கறதாலயே அளவு ஒண்ணாயிடாது. அடிஸ்கேல்ல அளந்தவரும் முழம் போட்டவரும் ரெண்டு பேருமே 'பத்து'ன்னு சொன்னா துணி ஒரே நீளமா?

செய்ய வேண்டியது பெரிய ராக்கெட் விஞ்ஞானமும் இல்ல. 'எனக்குப் பொருந்தாது'ன்னு நாலாவதா ஒரு கட்டம் வைங்க. அதுல டிக் பண்ணினா அந்தக் கேள்வியைக் கணக்குல இருந்தே எடுத்துடுங்க. தாளை நீட்டாம, பேச்சுத் தமிழ்ல ஒருத்தர் படிச்சுக் காட்டட்டும். இறுதி பண்றதுக்கு முன்னாடி முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ் ஓ.பி.யில, திண்டிவனம் ஜி.எச்.ல உக்காந்திருக்கறவங்ககிட்ட, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரியுது?"ன்னு கேளுங்க. வேற எந்த டெஸ்ட்டும் பிடிக்காத பிழையை அவங்க அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுக் கொடுப்பாங்க.

டிஸ்கி: திடீர்னு காது கேக்காமப் போனாலோ, இரைச்சல் ஒரு காதுல மட்டும் இருந்தாலோ, நாடித் துடிப்போட சேர்ந்து அடிச்சாலோ ஃபாரம் எல்லாம் அப்புறம். முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. திடீர்னு கேக்காமப் போச்சுன்னா அன்னைக்கே ஓடுங்க.