கோடு கிழிப்போர் கவனத்திற்கு!

தோழர்களே!

மாரண்டஹள்ளியில் மாலைக் கூட்டம் முடித்துப் பேருந்துக்காகக் காத்திருந்தேன். தலையிலிருந்த வெறுங்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தாய் என்னிடம் வந்தார்.

"தம்பி! மகள் எட்டாவது முடித்துவிட்டாள். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். அதிலேயே விட்டுவைக்கலாமா? பாலக்கோட்டுக்கு அனுப்பலாமா? கடன்பட்டாவது மஞ்சள் வண்டியில் ஏற்றிவிடலாமா? நீயே சொல்!"

ஒன்றரை மணி நேரம் உலக அரசியலை அளந்துவிட்டு வந்த நாக்கு, அந்த ஒரு கேள்வியின் முன் அடங்கிப் போயிற்று. அன்று சொல்லாத விடையை இன்று இந்த ஏட்டின் வாயிலாகச் சொல்கிறேன்.

அந்தத் தாயின் தயக்கத்தை அறியாமை என்று எவரேனும் இகழ்ந்தால் அவரே அறியாதவர். பெயர்ப்பலகையை மாற்ற ஒரு நாள் போதும். கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆய்வுக்கூடமும் வந்து சேர எத்தனை நாள் ஆகும்? பலகை முந்தி, பாடம் பிந்தி என்ற நிலையைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் நம் மக்கள். தன் மகளின் பத்தாம் வகுப்பை எவருடைய ஒத்திகைக்கும் ஒப்படைக்க எந்தத் தாய்தான் உடன்படுவாள்?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைக்குக் கை கொடுக்கிறது. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்று விதிகள் எல்லை வகுத்தன. அதற்கப்பால்? எட்டாம் வகுப்போடு சட்டம் கைவிரித்து விடுகிறது! உயர்நிலைப் பள்ளிக்கு 5 கிலோமீட்டர் என்ற அளவு திட்ட ஏடுகளிலே உண்டு, உரிமையாக இல்லை.

ஐந்து கிலோமீட்டர் என்பது யாருடைய ஐந்து? வரைபடத்தில் அது ஒரு விரல் நீளம். மகன் மிதிவண்டியை மிதித்துச் சீழ்க்கையடித்துக் கொண்டு போய்விடுவான். மகளுக்கோ அது ஆளரவமற்ற மாந்தோப்பு, இருள் கவியும் மாலை, வந்தாலும் வரும் வராவிட்டாலும் வராத பேருந்து! அந்த அச்சத்தை அரிச்சுவடியாகக் கொண்டு, "எட்டு போதும், மாப்பிள்ளை பார்" என்று உறவுமுறை ஓதத் தொடங்குகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்து எழுத்தறிவு நூற்றுக்கு 80. தருமபுரி மாவட்டத்திலோ நூற்றுக்கு 68ஐ ஒட்டி நின்றது. மாவட்டங்களின் வரிசையிலே கடைசி இடம்! இந்த மண்ணின் மக்கள் படிக்க மறுத்தார்களா? பள்ளி அவர்களிடம் வர மறுத்ததா?

இந்த நிலையில்தான் 2020இல் புதிய தேசியக் கல்விக் கொள்கை வந்தது. சிறிய பள்ளிகளை நடத்துவது கடினம், சிக்கனமும் அன்று என்றது. ஓர் உயர்நிலைப் பள்ளியை நடுவில் வைத்து, 5 முதல் 10 கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பள்ளிகளையெல்லாம் ஒரு "பள்ளி வளாக"மாகச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டாமற் போகக்கூடாது என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரி, கவராயத்தால் வட்டம் போடும் கையைத் தடுக்குமா?

உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள்! 2025 ஜூனில், பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்க அங்கே ஆணை பிறந்தது. சீதாப்பூர் மாவட்டத்துப் பிள்ளைகள் நீதிமன்றப் படியேறினர். முதலில் வழக்கு தள்ளுபடி. மேல்முறையீட்டில், அந்த மாவட்டத்தில் இருந்த நிலை தொடரட்டும் என்றது அமர்வு. அதன் பின்னரே, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தொலைவிருந்தால் இணைப்பில்லை என்று அரசு இறங்கி வந்தது. கோடு கிழிக்கும் முன் நடந்து பார்த்திருந்தால், குழந்தைகள் வழக்காட வேண்டி வந்திருக்குமா?

கோடுகளின் கொடுமை நம் நாட்டோடு நிற்பதன்று. அமெரிக்காவின் டொப்பீகா நகரிலே லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமி, வீட்டருகே வெள்ளையர் பள்ளி இருக்க, இருப்புப்பாதையைக் கடந்து பேருந்தேறித் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்ல நேர்ந்தது. 1954 மே திங்களில் அந்த நிறக்கோட்டை உச்ச நீதிமன்றம் அழித்தது. அதே மே திங்களில்தான், 1953இல் அரைநாள் பள்ளி, மீதி நாள் குலத்தொழில் என்று வந்த திட்டம் சென்னை மாநிலத்தில் மக்கள் கொதிப்புக்குப் பணிந்து கைவிடப்பட்டது. ஆனால் 1974இல் டெட்ராய்ட் வழக்கில், கல்வி மாவட்ட எல்லையைத் தாண்டிப் பிள்ளைகளைக் கலக்க வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறக்கோடு போயிற்று, எல்லைக்கோடு அதன் வேலையைச் செய்தது! ஆகவேதான் சொல்கிறேன்: கோட்டைக் கிழிப்பவன் எவன் என்று கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

"இருபது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா? ஐந்து வகுப்புக்கு ஓர் ஆசிரியரா? அதுவா கல்வி?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி! ஓராசிரியர் பள்ளி நமக்கும் உகந்ததன்று. ஆனால் நோய்க்கு மருந்து இன்னோர் ஆசிரியரை அனுப்புவதா, பள்ளியையே பூட்டுவதா? சம்பளம் வாங்கும் ஆசிரியர் பத்துக் கிலோமீட்டர் வரலாம். பத்து வயதுப் பிள்ளை போக வேண்டும் என்பது எந்த ஊர் நீதி?

இன்னொன்றும் கேளுங்கள். நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க, ஊர்மக்கள் ஒரு லட்சம் ரூபாய் பங்குத்தொகை கட்டும் நடைமுறை தமிழகத்தில் நெடுங்காலம் இருந்தது. தக்காளி விலை சரிந்தால் பறிக்கும் கூலிக்கும் வழியற்றவன், உண்டியல் குலுக்கிப் பள்ளி வாங்கினான்! அப்படிப் பெற்ற பள்ளியை எண்ணிக்கை குறைவென்று இழக்கலாமா?

எண்ணிக்கை ஏன் குறைகிறது? இங்கேதான் நம் நெஞ்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மேடையிலே அரசுப் பள்ளிக்கு வாழ்த்து. காலையிலே நம் வீட்டு வாசலிலே மஞ்சள் வண்டி! இந்த இரட்டை வாழ்வு நம்மில் பலருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? நாமே காலி செய்த பள்ளியை மூட வருகிறவனை நோக்கி எந்த முகத்தோடு முழங்குவது?

எனவே தோழர்களே, கிளைக்கொரு கடமை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அந்த இருக்கைகள் வெறுமையாகக் கிடக்க விடாதீர்கள். கிராமசபையிலே எழுந்து நின்று, "பலகைக்கு முன் ஆசிரியர், வகுப்புக்கு முன் கழிப்பறை, மணியடிக்கும் நேரத்திற்குப் பேருந்து" என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எந்த ஊர் எந்தப் பள்ளிக்கு என்று வகுக்கும் அதிகாரியைச் சிற்றூருக்கு அழைத்து வந்து, மாலை ஆறு மணிக்கு அந்த வழியே நடக்கச் சொல்லுங்கள். முதலில் உங்கள் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அம்மா! உங்களுக்கு என் விடை இது. ஊர்ப் பள்ளியிலேயே மகளை விடுங்கள். ஆனால் தனியாக விடாதீர்கள். எட்டு முடித்த அத்தனை பெண்களின் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். ஒரு பிள்ளை வந்தால் அது சேர்க்கை. ஊரே திரண்டு வந்தால் அது கோரிக்கை. ஆசிரியர் வரவில்லையென்றால், நீங்கள் நிற்கும் அலுவலக வாசலில் எங்கள் கொடியும் நிற்கும். நிற்காவிட்டால், அடுத்த கூட்டத்தில் நான் பேச எழும்போது உங்கள் கூடையை மேடைமுன் வைத்து, "ஏன் வரவில்லை, தம்பி?" என்று கேளுங்கள்!